புகைக்கும் சத்தத்துக்கும் நடுவே

ஜெமிமா ஓடுவதை நிறுத்திப் பதினோரு மாதங்கள் ஆகிவிட்டன. பின்னால் வரும் காலடிச் சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

எப்போது வரும் என்று சொல்ல முடியாது. செகந்திராபாத் ரயில்வே அலுவலகத்தின் நீண்ட வராந்தாவில் ஃபைலோடு நடக்கும்போது வரும். வீடு இருக்கும் லோத்குண்டாவில், ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டிய சாலையில் பால் பாக்கெட்டோடு திரும்பும்போது வரும். அது செருப்புச் சத்தமும் இல்லை, ஷூ சத்தமும் இல்லை. வெறுங்கால். மண்ணில் பட்டும் படாமலும், வலது தோளுக்கு அரை அடி பின்னால் தப், தப் என்று வரும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

யாருடைய காலடி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஹம்சாவுடையது. ஹம்சா ஒன்றும் செத்துப்போகவில்லை. கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையோடு, நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக நன்றாகத்தான் இருக்கிறாள் என்று கேள்வி. உயிரோடு இருப்பவர்களும் துரத்துவார்கள் என்பது ஜெமிமாவுக்குப் பதினேழு வயதிலேயே தெரிந்துபோயிற்று.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஹம்சாவைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அதைத்தான் சொன்னாள். மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனம் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தது. ஐந்தாவது மாடி, குளிரூட்டிய அறை, மதியச் சாப்பாட்டின் கிறக்கத்தில் நூறு இளம் முகங்கள். தென் மண்டலப் போட்டியில் நூறு மீட்டர் வெள்ளி, தேசியத் தொடர் ஓட்டத்தில் வெண்கலம், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை என்று அறிமுகம் முடிந்ததும் ஜெமிமா மைக்கை வாங்கினாள்.

"என்கூட ஒரு பொண்ணு ஓடினா. கடவுள் அவ காலை ஓடறதுக்குன்னே செஞ்சிருந்தார். பயிற்சிக்கு எப்பவும் லேட். ஷூ போட மாட்டா. நான் நூறு தடவை செஞ்சு பழகினதை அவ ஒரு தடவை பார்த்துட்டுச் செய்வா. தினமும் கடைசி முப்பது மீட்டர்ல என் பக்கத்துல வந்து, சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போவா. ஆனா ஒரே ஒரு நாள், எந்த நாள்ல ஜெயிக்கணுமோ அந்த நாள்ல, நான் ஜெயிச்சேன். பத்துல ஒரு பங்கு நொடியில. திறமை தூங்கின நேரத்துல உழைப்பு ஓடிச்சு."

கைதட்டல். எப்போதும் இந்த இடத்தில் கைதட்டல் வரும்.

முன்வரிசையில் இருந்த சாஹித்யா என்ற பெண் கையை உயர்த்தினாள். "மேடம், அந்தப் பொண்ணும் உங்களை மாதிரி உழைச்சிருந்தா?"

இதற்கும் ஜெமிமாவிடம் தயார் பதில் இருந்தது. "உழைக்கிறதும் ஒரு வரம்தான். அது எனக்குக் கிடைச்சது, அவளுக்குக் கிடைக்கல."

மறுபடி கைதட்டல். உழைப்பும் வரம்தான் என்றால் நான் எதை வைத்து எதை ஜெயித்தேன் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் லிஃப்டில் இறங்கும்போது அவளுக்கு வரும். தரைத்தளத்தில் கதவு திறந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவாள். ஜெயித்தது நிஜம், அது போதும். அந்த ஒரு வெற்றியின் மேல்தான் அவளுடைய மற்ற எல்லாம் நின்றது.

அந்தப் பேச்சை நிறுவனம் இணையத்தில் போட்டுவிட்டது. சனிக்கிழமை மாலை, தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது.

'ஜெமி, நான் ஹம்சா. வீடியோ பாத்தேன். என் பார்ட் சூப்பர். ஆனா மிர்ச்சி பஜ்ஜிய விட்டுட்டியே. நாச்சாரம் பக்கம் வந்தா வாடி. பயப்படாத, ஓடச் சொல்ல மாட்டேன்.'

பதினான்கு வருடத்தில் முதல் முறை. ஜெமிமா அதை ஆறு தடவை படித்தாள். பதில் எழுதவில்லை.

மிர்ச்சி பஜ்ஜி உண்மைதான். மாலைப் பயிற்சி ஐந்து மணிக்கு என்றால் ஹம்சா ஐந்தரைக்கு வருவாள், கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தோடு. அதற்குள் ஜெமிமா மைதானத்தை எட்டுச் சுற்று சுற்றி முடித்து, முட்டியை உயர்த்தும் பயிற்சியில் வியர்த்துக்கொண்டிருப்பாள். ஹம்சா பஜ்ஜியை மென்றபடியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்பாள். அப்புறம் அந்த வெறுங்கால் சத்தம். முப்பது மீட்டர் இருக்கும்போது அது தோளுக்குப் பின்னால் கேட்கும், இருபதில் காதருகே கேட்கும், பத்தில் முன்னால் போய்விடும்.

2010, ஆகஸ்ட். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். பெண்கள் நூறு மீட்டருக்கு ஒரே ஓர் இடம். அது கிடைத்தால் பயிற்சி, சத்தான சாப்பாடு, வெளியூர்ப் போட்டிகள், பிறகு வேலை. கிடைக்காவிட்டால் மற்றவர்களைப் போலப் பட்டப்படிப்பு. தனி மாநிலப் போராட்டம் நடந்த அந்த வருடம் வாரத்துக்கு ஒரு பந்த். அன்றும் பந்த். பஸ் ஓடவில்லை. நேரம் குறிக்க வேண்டிய நடுவர்களில் முக்கால்வாசிப் பேர் வரவில்லை.

வந்திருந்தவர்களில் மூத்தவர் எபனேசர். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை, திருநெல்வேலிக் குடும்பம், சர்ச் கமிட்டியில் உறுப்பினர், மாவட்டத் தடகளப் போட்டிகளில் இருபது வருடமாக ஸ்டாப் வாட்ச் பிடிப்பவர். ஜெமிமாவின் அப்பா. மகள் ஓடும்போது அப்பா நேரம் குறிக்கலாமா என்று யாரோ இழுத்தார்கள். ஹம்சாவின் அப்பா ஜெகநாதன்தான் முதலில் சொன்னார்: "எபனேசர் சார் புடிச்சா சரியா இருக்கும். வேற பேச்சு வேண்டாம்."

பதினாறு பெண்கள், எட்டு எட்டாக இரண்டு ஓட்டம். இரண்டிலும் முதலில் வருபவர்களுக்கு எபனேசர் வாட்ச். முதல் ஓட்டத்தில் ஜெமிமா முதலாவதாக வந்தாள். பன்னிரண்டு புள்ளி ஐந்து. அதுவரை அவள் பன்னிரண்டு எட்டுக்குக் கீழே ஓடியதே இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் ஹம்சா வந்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு. இறுதிச் சுற்றுக்குக் கோடு போடும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் மைதானம் குளமாயிற்று. குறித்த நேரத்தை வைத்தே முடிவு செய்துவிட்டார்கள்.

ஜெமிமா விடுதிக்குப் போனாள். ஹம்சா அதன் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

விடுதியில்தான் நரகம். பன்னிரண்டு ஐந்து மறுபடி வரவே இல்லை. பன்னிரண்டு ஒன்பது, பன்னிரண்டு எட்டு, மறுபடி ஒன்பது. "பன்னிரண்டரை ஓடின பொண்ணு எங்கம்மா? உன் பேர்ல வேற யாராவது ஓடினாங்களா?" என்பார் பயிற்சியாளர் ஃபெலிக்ஸ், எல்லார் முன்னாலும். தன்னுடைய பழைய நேரத்தைத் தானே பிடிக்க முடியாத அவமானத்தில் ஜெமிமா மற்றவர்கள் எழுவதற்கு முன் எழுந்தாள், அவர்கள் தூங்கிய பிறகு படுத்தாள். பத்தொன்பது மாதம் பிடித்தது மறுபடி பன்னிரண்டு ஐந்தைத் தொட. அதற்குள் உழைப்பு பழக்கமாகிவிட்டிருந்தது. அது அவளை அங்கிருந்து கீழே, பன்னிரண்டுக்கும் கீழே இழுத்துக்கொண்டு போயிற்று.

உழைப்பு மட்டும் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசி முப்பது மீட்டரில் அந்த வெறுங்கால் வந்துவிடும். விசாகப்பட்டினத்திலும் வந்தது, லக்னோவிலும் வந்தது. ஜெமிமா ஓடியது பதக்கத்தை நோக்கி இல்லை, அந்தக் காலடியிடமிருந்து தப்பித்து.

ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற வீரர்களுக்கு நடுவர் பயிற்சி இருந்தது. ரயில்வே மைதானத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஜெயச்சந்திரன், மைக் தேவைப்படாத குரல்காரர்.

"இப்ப எல்லாம் எலக்ட்ரானிக் வந்தாச்சு. ஆனா பள்ளிக்கூடப் போட்டி, மாவட்டப் போட்டிக்கெல்லாம் இன்னும் கைதான். நூறு மீட்டர் தள்ளி நிக்கறோம். அங்க துப்பாக்கி சுட்டா முதல்ல நமக்கு என்ன வரும்? புகை. சத்தம் பின்னாடி மெதுவா வரும். வாட்சைக் காதால பிடிக்காதீங்க, கண்ணால பிடிங்க. நம்பாதவங்க யாராவது இருக்கீங்களா? ஜெமிமா, நீ வா."

ஒரு பையனை ஓடச் சொன்னார்கள். பத்து பேர் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும். ஜெமிமா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்கு அழுத்தவேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, கோட்டைத் தாண்டும்போது எல்லாரையும் போல நிறுத்தலாம்.

கண்ணை மூடினாள். துப்பாக்கி வெடித்தது. அழுத்தினாள். பையன் கோட்டைத் தாண்டினான்.

மற்றவர்களில் பெரும்பாலோரிடம் பன்னிரண்டு ஒன்று, ஒன்றிரண்டு பேரிடம் பன்னிரண்டு. ஜெமிமாவின் வாட்ச் பதினொன்று எட்டு காட்டியது.

"பாத்தீங்களா? பத்துல மூணு பங்கு நொடி," என்றார் ஜெயச்சந்திரன். "கண்ணை மூடினா ரெண்டரை மீட்டர் இலவசம். அந்தப் பையனுக்கு இப்ப சொந்தக்காரங்க யாராவது வாட்ச் பிடிச்சிருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெமிமா வாட்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பாமல் அந்தப் பதினொன்று எட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு காட்சி தெரிந்தது. பதினேழு வயது. கோட்டில் குனிந்து, விரல்களை ஊன்றி, ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி எதிரே பார்க்கிறாள். நூறு மீட்டர் தள்ளி, மரப்படிகளின் மேல் வெள்ளைத் தொப்பியில் அப்பா. வலது கையில் வாட்ச். இடது கை நெற்றியில். தலை குனிந்திருக்கிறது. வாட்ச் பிடிக்காமல் ஓரமாக நிற்கும் மற்றப் போட்டிகளிலும், அவள் ஓடும்போது அப்பா அப்படித்தான் தலை குனிவார். அதைப் பார்த்தால்தான் அவளுக்குப் பயம் தணியும். அப்பா ஜெபம் செய்கிறார்.

குனிந்த தலைக்குப் புகை எப்படித் தெரியும்?

இரண்டாவது ஓட்டத்தின்போது அவள் அப்பாவின் பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அப்போது அவர் தலை நிமிர்ந்திருந்தது. கண் இமைக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, ராணுவச் சுவரோரம் காலடி கேட்டது. ஜெமிமா நின்றுவிட்டாள். சத்தம் பின்னால் இல்லை. முன்னால் கேட்டது. பத்தடி தூரத்தில், காலியான சாலையில், யாரோ அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எபனேசர் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. அம்மா கனகமணி சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"வந்துட்டியா? ஜெயச்சந்திரன் என்ன சொல்லிக் குடுத்தான்? எங்கிட்ட வாட்ச் பிடிக்கப் படிச்சவன்லா அவன்."

"புகையப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்தாருப்பா."

"அதான அரிச்சுவடி."

"அன்னிக்கு நீங்க புகையப் பாத்தீங்களா?"

எந்த அன்றைக்கு என்று எபனேசர் கேட்கவில்லை. செய்தித்தாளை நான்காக மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். ஜெமிமாவுக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் நின்றாள்.

"ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்," என்றார் அவர். "ஒரே ஒரு வரி. ஆண்டவரே, எம்பிள்ளைக்கு ஒத்தாசை பண்ணும்னு. ஆமென் சொல்லுததுக்குள்ள சுட்டுட்டான். சத்தத்துக்குக் கை தானா அமுக்கிட்டு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜெகநாதன் பிள்ள கோட்டத் தாண்டும்போதே தெரிஞ்சுபோச்சு. அவ ஓடினத நான் கண்ணத் திறந்து பாத்தேன்லா. அது பன்னண்டு ஆறுன்னா உன்னோடது பன்னண்டு அஞ்சா இருக்கவே முடியாது."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல?"

"சொல்லணும்னுதான் எந்திச்சேன். மழை வந்துட்டு. எல்லாரும் கூடாரத்துக்கு ஓடுனாங்க. அங்க வந்து ஜெகநாதன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். எபனேசர் சார், நீங்க வாட்ச் புடிச்சதால எனக்கு மனக்குறையே இல்லன்னான். அதுக்குமேல எனக்கு வாய் வரல."

அன்றைக்குப் பிறகு எபனேசர் வாட்சைத் தொட்டதில்லை. போட்டிகளுக்குப் போவார், பெயர் அறிவிப்பார், குண்டு எறிதலுக்கு நாடா பிடிப்பார், வாட்ச் மட்டும் வேண்டாம் என்பார். மகள் பெரிய வீராங்கனை ஆகிவிட்டாள், பாரபட்சம் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக என்று எல்லாரும் மெச்சினார்கள். ஜெமிமாவும்.

"நான் ஹம்சாகிட்டச் சொல்லப் போறேன்."

எபனேசர் நிமிர்ந்து பார்த்தார். "கைக்கு?" என்றார். ஏன் என்பதற்கு அந்த ஊர் உருது வார்த்தை, கோபம் வந்தால்தான் அவர் வாயில் வரும். "எதுக்குங்கேன்? அந்தப் பிள்ள உங்கிட்ட வந்து கேட்டாளா?"

"எனக்குத் தூக்கம் வராதுப்பா."

"சொன்னா உனக்குப் பாரம் இறங்கும். இறக்குனது எங்க போவும்? தரையிலயா? அவ தலையிலல்லா போயி உக்காரும்."

"உங்க பேர் கெட்டுப்போகும்னு பயப்படறீங்க."

"ஆமா," என்றார் எபனேசர். "அதுவும்தான். இல்லன்னு சொன்னா அது பொய்யி. ஆனா அது மட்டும்னு நினைக்காத. பதினாலு வருஷமா நான் இத வச்சுக்கிட்டு என்ன பண்ணுததுன்னு பாத்துட்டேன். வச்சுக்கிடுததுதான் வழி."

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஜெமிமா நாச்சாரத்துக்குப் போனாள்.

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை. உள்ளே இயந்திரங்கள் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தன. வாசலில் பெயர் சொல்லி அனுப்பிய இரண்டு நிமிடத்தில், நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் முற்றத்தைக் கடந்து வந்தாள். உடம்பு பருத்திருந்தது, நெற்றியோரம் நாலைந்து நரை. ஆனால் நடை அதேதான். கால் தரையில் பட்டதா என்று பார்த்தால்தான் தெரியும்.

"ஹவ், வந்துட்டாங்க மெடல் மேடம்," என்றாள் ஹம்சா. "மெசேஜுக்குப் பதில் கூடப் போடல. நேர்ல வந்து அடிக்கப் போறியோன்னு நெனச்சேன்."

"எப்படிடீ இருக்கே?"

"பாக்கறல்ல, நல்லா சாப்ட்டு இருக்கேன். டீ குடி. நக்கோ, வேணாம்னெல்லாம் சொல்லாத, டயட்டெல்லாம் முடிஞ்சு போச்சுல்ல உனக்கும்."

லாரி வந்து நிற்கும் முற்றத்தின் ஓரம், அடுக்கியிருந்த மரச்சட்டங்களின் மேல் உட்கார்ந்தார்கள். காகிதக் கோப்பையில் டீ வந்தது. ஜெமிமா சொல்ல வாயெடுப்பதற்குள் ஹம்சாவே ஆரம்பித்துவிட்டாள்.

"நீ என்னைத் திட்டறியோன்னுதான் வீடியோவப் பாத்தேன். திட்டல. நல்லாவே சொன்னே. எம்பொண்ணுகிட்ட நானும் அதத்தான் சொல்றது. உங்கம்மாவுக்குத் திறமை இருந்துச்சு, ஜெமிமா ஆன்ட்டி உழைச்சாங்க, ஆன்ட்டி ஜெயிச்சாங்க, போயி ஹோம்வொர்க் பண்ணுன்னு." சிரித்தாள். "நெஜமா சொல்றேன் ஜெமி, அன்னிக்கு ஓடின மாதிரி நான் என்னிக்கும் ஓடினதில்ல. காலுக்குக் கீழ தரையே இல்ல. பஜ்ஜிகூட சாப்பிடல அன்னிக்கு. பன்னண்டு ஆறுன்னாங்க. சரி, நம்ம உச்சமே இவ்ளோதான், அது அவளுக்குப் பத்தலன்னு தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு எவ்ளோ நிம்மதியா தூங்கினேன் தெரியுமா? அழக்கூட இல்ல. கடைய மூடிட்டு வீட்டுக்குப் போற மாதிரி."

இந்த இடத்தில் ஜெமிமா எழுந்து போயிருக்கலாம். டீ நன்றாக இருந்தது, உன் பெண்ணைக் கேட்டதாகச் சொல் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்திருக்கலாம். அப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போயிற்று. ஆனால் முற்றத்தின் அந்தக் கோடியில், வெயிலில், வெறுங்காலடி ஒன்று அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இனி வாழ்நாள் முழுக்க அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அதை நினைத்ததும் வாய் திறந்துகொண்டது.

சொன்னாள். அப்பாவின் ஜெபத்தை, குனிந்த தலையை, புகையை, சத்தத்தை, பத்தில் மூன்று பங்கு நொடியை. ஹம்சா கோப்பையின் விளிம்பை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னோட பன்னண்டு ஆறு?"

"அது சரிதான். உனக்குக் கண்ணைத் திறந்துதான் புடிச்சாரு."

"உன்னோடது?"

"பன்னண்டு எட்டு."

"ரெண்டு," என்றாள் ஹம்சா. "தரையில அது எவ்ளோ வரும்?"

"ஒண்ணரை மீட்டர் இருக்கும்."

ஹம்சா தன் காலிலிருந்து, எதிரே நின்ற லாரியின் டயர்வரை கண்ணால் அளந்தாள்.

"நான் சங்கத்துக்கு எழுதித் தரேன் ஹம்சா. நடந்ததைச் சொல்லி. அப்பாவும் கையெழுத்துப் போடுவார், போடச் சொல்றேன்."

"எதுக்கு? பதினேழு வயசத் திருப்பித் தருவாங்களா?"

இயந்திரங்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"அதுக்கப்புறம் நீ ஜெயிச்சதெல்லாம்? அங்க யாரு வாட்ச் புடிச்சாங்க?" என்றாள் ஹம்சா.

"மெஷின்."

"அப்ப அது நெஜம். நீ உழைச்சே."

"உழைச்சேன். ஆனா எதுக்கு உழைச்சேன்னு தெரியுமா? அந்தப் பொய்யான பன்னண்டு அஞ்சைப் பிடிக்கறதுக்கு. அப்புறம் உனக்குப் பயந்து. ஒவ்வொரு ரேஸ்லயும் கடைசி முப்பது மீட்டர்ல உன் காலடி எனக்குப் பின்னால கேக்கும். இன்னும் கேக்குது. ரோட்டுல நடந்தா கேக்குது."

ஹம்சா அவளை விநோதமாகப் பார்த்தாள். பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "பாத்தியா, உன் மெடலுக்கும் நாந்தான் ஓடியிருக்கேன். சம்பளம் இல்லாம."

"மன்னிச்சுக்கோடீ."

"நீ என்ன பண்ணே? குனிஞ்சு நின்னே, ஓடினே. அங்கிள் என்ன பண்ணாரு? சாமி கும்பிட்டாரு. யாரைத் திட்டறது நான்?" கோப்பையைக் கசக்கினாள். "நான் அந்த விடுதிக்குப் போயிருந்தா காலைல நாலு மணிக்கு எந்திரிச்சிருப்பேனா? மாட்டேன். ரெண்டு மாசத்துல சுவர் ஏறிக் குதிச்சு வந்திருப்பேன். எனக்கு உழைக்க வராது. நேத்து நீ கேட்டிருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப தெரியல." அவள் குரலில் முதல்முறையாக விளையாட்டு இல்லை. "பதினாலு வருஷமா எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு ஜெமி. நீ வந்து அதத் தெரியாதுன்னு ஆக்கிட்டே."

உள்ளே ஷிப்ட் மாறும் சைரன் ஒலித்தது. ஹம்சா எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"போ. எனக்கு ஆள் கணக்கு எடுக்கணும். அங்கிளுக்கு நான் கேட்டேன்னு சொல்லு. கோவமில்லன்னு சொல்லு." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, அத இப்பச் சொல்லாத."

மறுபடி வா என்று அவள் சொல்லவில்லை. ஜெமிமாவும் கேட்கவில்லை.

முற்றத்திலிருந்து வெளி வாசலுக்கு எண்பது அடி இருக்கும். ஜெமிமா நடந்தாள். இருபது அடி போனபின்தான் அவளுக்கு உறைத்தது. பின்னால் எதுவும் கேட்கவில்லை. முன்னாலும் இல்லை. நின்று கவனித்தாள். இயந்திரங்களின் தாளம், தூரத்தில் ஒரு ஆட்டோ, எங்கோ ஒரு குழாயில் தண்ணீர். அவ்வளவுதான். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக தன் காலடியை மட்டும் கேட்டாள். உடம்பு லேசாகி, இந்த நிமிடம் யாராவது துப்பாக்கி சுட்டால் ஓடிவிடலாம் போல இருந்தது.

அந்த நிம்மதியோடு, ஹம்சாவுக்குக் கையசைக்கத் திரும்பினாள்.

ஹம்சா இன்னும் உள்ளே போகவில்லை. தொழிற்சாலைக் கதவை நோக்கி நடந்தவள் பாதி முற்றத்தில், வெயிலில், ஒரு காலை முன்வைத்தபடி நின்றிருந்தாள். ஜெமிமாவை அவள் பார்க்கவில்லை. எதையோ கவனித்துக் கேட்பதுபோல் தலை சற்றுச் சாய்ந்திருந்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, தன் வலது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே யாரும் இல்லை.